சனாதிபதியின் பெயரில் ஒரு வார்டு

சனாதிபதி பதவியை விட்டுப் போக இன்னும் ஒன்றரை மாதம் இருக்கையில், புளியடித்துறை பிரசவ வார்டுக்கு மறுபடி வெள்ளையடித்தார்கள். கட்டி முடித்தபோது ஒருமுறை அடித்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தை யாரும் தொட்டதில்லை.

கட்டைபறிச்சானைத் தாண்டி, கொட்டியாரக் குடாவின் ஓரமாக இருக்கிற சின்ன ஊர் புளியடித்துறை. நாலு வருடத்துக்கு முன்னர் அங்கே வார்டு எழும்பியது. வாசல் சுவரில் சனாதிபதியின் பெயரை மூன்று மொழியிலும் வெட்டிய கருங்கல்லைப் பதித்தார்கள். ஓர் அமைச்சர் ஹெலியில் வந்து நாடா வெட்டினார். ஹெலி கிளப்பிய புழுதி அடங்குமுன் கதவைப் பூட்டிவிட்டார்கள். சண்டை நடக்கிற இடத்துக்கு வேலைக்கு வர எந்த டொக்டரும் சம்மதிக்கவில்லை என்று சொன்னார்கள். மின்சாரமும் வரவில்லை. கட்டில்கள் சுற்றி வந்த பொலித்தீன் பிரிக்காமலே கிடந்தன. கதவுப் பூட்டின் திறப்பு, பிரதேச அதிகாரி சோமசேகரத்தின் சாவிவளையமான திறப்புக்கோர்வையில் மற்றத் திறப்புகளோடு தொங்கியது.

வார்டுக்கு நேர் எதிர்வீடு அன்னலட்சுமியுடையது. போன வருடம் மாசி மாதம், பொழுது படுகிற நேரத்தில் அவளுக்கு வலி கண்டது. தெருவில் இராணுவக் காவலரணான சென்றி மூடியாகிவிட்டது. கடலால் திருகோணமலைக்குக் கொண்டுபோவதென்றால், இருட்டிய பிறகு வள்ளம் இறக்கக் கடற்படையின் அனுமதி வேண்டும். அவளுடைய புருசன் கதிரவேல் கரையில் நின்று அரிக்கன் லாம்பை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அனுமதி கிடைத்து, வள்ளம் குடாவின் நடுவுக்குப் போனபோது பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. உயிர் இல்லை.

கதிரவேல் மீன்பிடிகாரன். ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். இந்தச் சனாதிபதி முதல்முறை தேர்தலில் நின்றபோது, சண்டையை நிறுத்துவேன் என்ற சொல்லை நம்பி வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவன். அவனுக்காகத்தான் ஊரில் பாதிப்பேர் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். சண்டை நிற்கவில்லை. ஆனாலும் கதிரவேல் விட்டுக்கொடுக்கமாட்டான். "அவர் செய்யத்தான் வெளிக்கிட்டவர். சுத்தி நிண்டவை விடேல்லை" என்பான். முன்பெல்லாம் அன்னலட்சுமி அவனோடு வாதாடுவாள். பிள்ளை போன பிறகு அதையும் விட்டுவிட்டாள். ரேடியோவில் சனாதிபதியின் பெயர் கேட்டால் எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வெள்ளையடித்து முடிந்த அன்று சோமசேகரம் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணி குடித்து, பிறகு விசயத்துக்கு வந்தார்.

"சனாதிபதியின்ர சேவையைப் பற்றிக் கொழும்பில ஒரு சிறப்பு மலர் அடிக்கினம், கதிரவேல். மாவட்டத்துக்கு மாவட்டம் ஆள் விட்டு எழுதுவிக்கினம். எங்கட பக்கத்துக்கு இராசநாயகம் எண்டு ஒருத்தர் வாறார். கமராக்காரரும் வாறார். வார்டு நடக்கிற மாதிரி ஒரு படம் வேணுமாம்."

"நடக்கேல்லையே, சேர்."

"அதுக்குத்தானே உம்மட்ட வந்தனான். ஆறேழு பொம்பிளையளைக் கட்டில்ல படுக்க விடும். கைக்குழந்தையோட ஒருத்தி ரெண்டு பேர் இருந்தா நல்லது. ஒரு மணித்தியால வேலை. போறவரை நல்லபடி அனுப்பிவைச்சாத்தான் வாறவர் எங்களைத் திரும்பிப் பாப்பார்."

கதிரவேல் தலையைக் குனிந்துகொண்டு நிலத்தைப் பார்த்தான். குசினி வாசலில் இருந்து அன்னலட்சுமியின் குரல் கேட்டது.

"நானும் வாறன்."

சோமசேகரம் போன பிறகு கதிரவேல் அவளிடம் வந்தான். "உனக்கென்ன விசரா, அன்னம்? அந்தக் கட்டில்ல போய் நீ படுக்கப்போறியா?"

"நாலு வருசமாக் கண்ணுக்கு முன்னால நிக்குது. உள்ளுக்கு எப்பிடி இருக்கெண்டு ஒருக்காப் பாக்கிறன்" என்றாள்.



படம் எடுக்கும் நாள் காலையில் பெண்கள் வார்டுக்குள் போனார்கள். பொலித்தீனைக் கிழித்தபோது மெத்தைகளில் இருந்து கடையில் புதுச்சாமான் அவிழ்க்கிற மணம் வந்தது. பக்கத்து முஸ்லிம் கிராமத்தில் இருந்து பரீனா தன் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கனகம்மாவும் வந்தாள். அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"எனக்குப் பிரசவ வார்டில என்ன வேலை?" என்று கேட்டாள் கனகம்மா.

"நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுங்கோ" என்றார் சோமசேகரம்.

அந்தப் பகுதியின் மருத்துவமாது கமலேஸ்வரி மிஸி. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறவள். அவளுக்குப் புதுச் சீருடை ஒன்று கொடுத்து வாசலில் நிற்க விட்டார்கள். சீருடை தோளில் பெரிதாக இருந்தது. அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

அன்னலட்சுமிக்கு யன்னலோரக் கட்டில் கிடைத்தது. பிள்ளை எங்கே என்று கேட்டால் குளிக்கவார்க்கக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொல்லும்படி சோமசேகரம் சொல்லிக்கொடுத்தார். அவள் படுத்தாள். மேலே காற்றாடி அசையாமல் தொங்கியது. அழுகை வரும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். வரவில்லை. யன்னலால் பார்த்தால் அவளுடைய வீட்டு வாசல் படலை தெரிந்தது. கொடியில் அவள் காலையில் போட்ட சேலைகூடத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அன்றைக்கு வலியோடு இந்தக் கட்டிலுக்கு நடந்தே வந்திருக்கலாம். அந்த ஒரு எண்ணம் வந்ததும் அவளுடைய உடம்பு மெத்தையில் கனத்துப்போயிற்று.

இராசநாயகம் வந்தார். திருகோணமலையில் பிறந்தவர், கொழும்பில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மலருக்கு எழுத அவர் கூலிக்காக ஒப்புக்கொண்டவர் அல்ல. இந்தக் கெட்ட காலத்தில் இவரைவிட நல்ல தலைவர் நாட்டுக்குக் கிடைத்திருக்கமாட்டார் என்று உண்மையாகவே நம்பினார். பதவியை விட்டுப் போகிறவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல் போய்விடக் கூடாதே என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

கமராக்காரர் படங்களை எடுத்து முடித்தார். இராசநாயகம் ஒரு கதிரையை இழுத்து அன்னலட்சுமியின் கட்டிலடியில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"பிள்ளை எப்ப பிறந்தது, தங்கச்சி?"

"போன மாசியில" என்றாள் அன்னலட்சுமி.

அவருக்கு விளங்கவில்லை. "போன மாசியிலயோ? இங்கயோ?"

"வள்ளத்துக்க. கடலுக்கு நடுவில. உயிரில்லாமல் பிறந்தது, ஐயா. இந்த வார்டு பூட்டிக் கிடந்தது. இண்டைக்கு நீங்கள் வாறியள் எண்டுதான் திறந்தவை."

சோமசேகரம் விரைந்து வந்தார். "அவவுக்கு மனம் சரியில்லை, சேர்."

இராசநாயகம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வாசலில் நின்ற கமலேஸ்வரியைப் பார்த்தார். "மிஸி, இந்த வார்டில இதுவரைக்கும் எத்தினை பிள்ளை பிறந்தது?"

கமலேஸ்வரி சோமசேகரத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு தோளில் தொங்கிய சீருடையை இழுத்துச் சரிசெய்தாள். "ஒண்டும் இல்லை, ஐயா."

 பரீனாவின் குழந்தை சிணுங்கியது. இராசநாயகம் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கருங்கல்லின் முன்னால் நெடுநேரம் நின்றார். அவர் எழுதிவைத்திருந்த கட்டுரையில் இந்த வார்டைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது.

உள்ளே சோமசேகரம் திறப்புக்கோர்வையைக் கையில் எடுத்தார். "சரி, படம் எடுத்தாச்சு. எல்லாரும் எழும்புங்கோ. கதவைப் பூட்டவேணும்."

இரண்டு மூன்று பேர் கால்களைக் கீழே போட்டார்கள். அன்னலட்சுமி அசையவில்லை.

"நான் எழும்பமாட்டன்" என்றாள். அவள் சத்தமாகச் சொல்லவில்லை. "டொக்டர் வரட்டும். பிறகு எழும்புறன்."

"இதென்ன கதை, தங்கச்சி? பகிடி விடாதயும்."

"நானும் எழும்பமாட்டன்" என்றாள் பரீனா. குழந்தையை மறுபக்கம் மாற்றிக் கிடத்திக்கொண்டு, "அக்கா எழும்புற நேரம் நானும் எழும்புறன்" என்றாள். காலைக் கீழே போட்டவர்கள் ஒவ்வொருவராக மறுபடி தூக்கி மேலே வைத்தார்கள். கனகம்மா சுவர்ப்பக்கம் இருந்து திரும்பி, எல்லோருக்கும் முகம் தெரியப் படுத்தாள்.

சோமசேகரம் கமலேஸ்வரியைப் பார்த்தார். "மிஸி, நீங்களாவது சொல்லுங்கோ."

"கட்டில்ல நோயாளி இருக்கேக்க வார்டைப் பூட்ட ஏலாது, சேர்" என்றாள் கமலேஸ்வரி. "எங்களுக்கு அப்பிடித்தான் படிப்பிச்சவை."

செய்தி கரைக்குப் போயிற்று. கதிரவேல் இடுப்பில் நனைந்த சாரத்தோடு ஓடிவந்தான். வாசலில் ஊரே கூடி நின்றது. சோமசேகரம் அவனைப் பிடித்துக்கொண்டார். "நீர் சங்கத் தலைவர். உம்மட மனுசியை நீரே எழுப்பிக் கொண்டுபோம்."

கதிரவேல் படியில் நின்று உள்ளே பார்த்தான். வெள்ளை விரிப்பில் படுத்திருந்த அன்னலட்சுமி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வள்ளத்துக்குப் பிறகு அவள் அவனை அப்படி நேராகப் பார்த்ததே இல்லை.

"என்னால ஏலாது, சேர்" என்றான் கதிரவேல். "ஊருக்குள்ள வாக்குக் கேட்டுத் திரிஞ்சவன் நான். அவர் எங்களுக்கெண்டு தந்தது இந்த ஒரு கட்டடம்தான். இதையும் பூட்டிப்போட்டா நான் என்னத்தைச் சொல்லிச் சனத்தின்ர முகத்தில முழிக்கிறது?"

அவன் படியிலேயே இருந்துவிட்டான்.

பின்னேரம் இராணுவக் காம்பில் இருந்து ஓர் இளம் அதிகாரி ஆட்களோடு வந்தான். சனம் ஓரிடத்தில் கூடி நிற்கக் கூடாது என்பது அப்போதைய சட்டம். துவக்குகளைக் கண்டதும் வாசலில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். பரீனா குழந்தையை நெஞ்சோடு அணைத்தாள்.  அன்னலட்சுமி கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இராசநாயகம் அந்த அதிகாரியின் முன்னால் போய் நின்றார். சிங்களத்தில் பேசினார். கருங்கல்லைக் காட்டினார். "இது சனாதிபதியின் பெயரில் உள்ள ஆஸ்பத்திரி. உள்ளே இருப்பவர்கள் நோயாளிகள். சனாதிபதி பதவியை விட்டுப் போகிற நேரத்தில், அவருடைய வார்டில் இருந்து நோயாளிகளை இழுத்து வெளியே போட்ட பெயர் உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டார்.

அதிகாரி கல்லில் இருந்த சிங்கள எழுத்தை ஒருமுறை படித்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வார்டுக்குள் எட்டிப் பார்த்தான். "நோயாளியா?" என்று தெரிந்த தமிழில் கேட்டான்.

"கால் ஏலாது, மாத்தயா" என்று கனகம்மா முனகினாள். அது உண்மையும்தான்.

அவனுடைய வாயோரத்தில் சிரிப்பு வந்து போயிற்று. வெளியே வந்து தன் ஆட்களிடம், ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் போட வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனான்.

அவர்கள் வளைவு திரும்பி மறைந்த பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தியளே, அந்தப் பேரால ஒரு நன்மை வந்திட்டுது" என்று கதிரவேல் சொன்னதும், அன்னலட்சுமியும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைக் கண்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாளில் இருந்து வார்டு ஒரு கலியாண வீடு மாதிரி ஆயிற்று. பரீனாவின் புருசன் லாபிர் அரிசியும் மீனும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தான். பக்கத்து ஊரான கிளிவெட்டியில் இருந்து மரக்கறி வந்தது. பெண்கள் வீட்டு வேலைக்குப் போவதும் வருவதுமாகக் கட்டில்களை மாறி மாறிப் பிடித்தார்கள். அன்னலட்சுமி மட்டும் முகம் கழுவவும் சாப்பிடவும் எழும்பி, மறுபடி தன் கட்டிலுக்கே வந்தாள். கமலேஸ்வரி சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, தன்னைத் தேடிவந்த கர்ப்பிணிகளை எல்லாம் அங்கேயே வைத்துப் பார்த்தாள். சீருடையை யாரோ தோளில் பிடித்துத் தைத்துக்கொடுத்தார்கள்.

இராசநாயகம் திருகோணமலைக்குப் போய்க் கொழும்பில் மலர் அடிப்பவர்களுடன் தொலைபேசியில் கதைத்துவிட்டுத் திரும்பினார். வந்தவுடன் அன்னலட்சுமியிடம்தான் சொன்னார்.

"படம் என்னட்ட இருக்கு எண்டு சொன்னனான். வார்டு நடக்குது எண்டு அதுக்குக் கீழ போடவேணுமெண்டா டொக்டரை அனுப்புங்கோ எண்டனான். அனுப்பாட்டி, நீங்கள் எனக்குச் சொன்னதைச் சொன்னபடி எழுதுவன் எண்டும் சொல்லிப்போட்டன். அவைக்குப் பிடிக்கேல்லை. என்னை மாத்திப்போட்டு வேற ஆளைப் போட்டாலும் போடுவினம்."

"நீங்கள் அவரில விருப்பம் உள்ள ஆள் எண்டு சொல்லுகினம்" என்றாள் அன்னலட்சுமி.

"ஓம். இப்பவும் விருப்பம்தான். அதாலதான் கேட்டனான்."

அந்த இழுபறி ஒரு கிழமைக்கு மேல் போயிற்று. பிறகு ஒரு நாள் மத்தியானம், குடாவைக் கடக்கும் லோஞ்சில் டொக்டர் ஆனந்தராசா என்று ஒருவர் வந்திறங்கினார். கூடவே தாதிமார், மருந்துப் பெட்டிகள், ஆறு பேர் தூக்கி வந்த ஒரு ஜெனரேற்றர். வலிகண்ட பெண்ணை ஏற்றிய வள்ளம் எந்த நேரமும் குடாவைக் கடக்கலாம் என்ற உத்தரவும் வந்தது. கதிரவேல் அதை வாசலில் நின்று இரண்டு முறை உரத்து வாசித்தான். சனம் மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னது. சோமசேகரம் கோர்வையில் இருந்து அந்த ஒரு திறப்பைக் கழற்றினார். இறுகிப்போயிருந்த வளையம் அவருடைய நகத்தைக் கிழித்தது. திறப்பைக் கமலேஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா நடத்துங்கோ" என்றார். ஜெனரேற்றர் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. அன்னலட்சுமியின் தலைக்கு மேலே காற்றாடி மெல்ல அசைந்து, பிறகு வேகம் பிடித்தது. ஊர்ப்பெண்கள் குரவையிட்டார்கள். பரீனாவின் ஊர்ப்பெண்களும் சேர்ந்து குரவையிட்டதில் கூரை அதிர்ந்தது.

இராசநாயகம் புறப்படுமுன் வார்டுக்குள் வந்து நின்றார். "இப்ப சொல்லுங்கோ. சனாதிபதியைப் பற்றி நான் என்ன எழுத?"

"றோட்டுப் போட்டவர்" என்றாள் கனகம்மா. "அதையும் எழுதத்தான் வேணும்."

"என்ர கூடப்பிறந்த நானாவைப் புடிச்சுக்கொண்டு போனதும் அவர்ர காலத்திலதான். இண்டைக்கு வரைக்கும் தகவல் இல்ல" என்றாள் பரீனா.

"அவர் நினைச்சதெல்லாம் நடக்கேல்லை. நினைச்சவர் எண்டாவது போடலாம்தானே" என்றான் வாசலில் நின்ற கதிரவேல். இந்தமுறை அவன் வாதாடவில்லை, கேட்டான்.

எல்லோரும் அன்னலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் கட்டிலில் எழுந்து இருந்தாள்.

"சுவரைக் கட்டினது அவர். அது பொய்யில்லை, எழுதுங்கோ. கட்டிப்போட்டுப் பூட்டி வைச்சிருந்ததும் அவற்ற ஆட்சிதான். அதையும் எழுதுங்கோ. திறந்தது இந்த ஊர்ப் பொம்பிளையள். ஒண்டை விட்டிட்டு மற்றதை எழுதுறதெண்டா என்ர படத்தைப் போடாதேங்கோ."

இராசநாயகம் அவள் சொன்னதைச் சொன்ன ஒழுங்கிலேயே எழுதிக்கொண்டார்.

அவர் படியிறங்கும்போதே கிளிவெட்டிப் பக்கமிருந்து ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பெட்டியில் வைக்கோல் பரப்பி, வலியோடு புஸ்பராணி என்ற இளம்பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். டொக்டர் வந்தது அவர்களுக்குத் தெரியாது. பொம்பிளையள் வார்டை மறித்து வைத்திருக்கிறார்களாம், மிஸி அங்கேதான் இருக்கிறாவாம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். அன்னலட்சுமி கட்டிலை விட்டு இறங்கினாள். விரிப்பை உதறி, புதிது போட்டு, தலையணையைத் தட்டி வைத்தாள். புஸ்பராணியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதில் கிடத்தினாள்.

"பயப்பிடாதை, பிள்ளை. டொக்டர் நிக்கிறார்."

பொழுது சாய முன்னர் ஆண்குழந்தை பிறந்தது. கமலேஸ்வரி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, வெளியில் நின்ற சனம் கோயில் தேர் இருப்புக்கு வந்தது போல ஆரவாரித்தது. லாபிர் சீனி வெடி கொளுத்தப் போனான். வெடிச்சத்தம் கேட்டால் காம்பில் இருந்து வந்துவிடுவார்கள் என்று ஆட்கள் பிடித்து நிறுத்தினார்கள். பதிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் அடுப்பில் ஏறியது. சென்றியில் நின்ற பொடியன்களுக்கும் ஒரு சட்டி போயிற்று.

சனாதிபதி விடைபெற்றுப் போகும் கிழமையில் மலர் வந்து சேர்ந்தது. கதிரவேல் பக்கத்தைத் தேடிப் பிடித்தான். படத்தில் அன்னலட்சுமி யன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். கீழே இராசநாயகத்தின் வரிகள். அவன் வாசித்துக்கொண்டே போனவன் நிறுத்தினான்.

"பூட்டினதை வெட்டிப்போட்டாங்கள், அன்னம். 'சனாதிபதி கட்டித் தந்த வார்டு. ஊர்ப் பெண்கள் திறந்தார்கள்.' அவ்வளவுதான் கிடக்கு."

அன்னலட்சுமி புத்தகத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"காணும், இது போதும்" என்றாள். "வாசிக்கிற ஆருக்கும் கேக்கத் தோணும்தானே, கட்டினவர் ஏன் தானே திறக்கேல்லை எண்டு."

கதிரவேல் ஒரு கணம் யோசித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். ரேடியோவில் விடைபெறும் உரை தொடங்கியிருந்தது. அவன் அதைக் கடைசிவரை கேட்க இருந்தான். இந்தமுறை அன்னலட்சுமி குசினிக்குள் போகவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் தானும் கேட்டாள். பிறகு வார்டில் புதிதாக வந்த இரண்டு பேருக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று எழுந்து, தெருவைக் கடந்து போனாள்.